பெண் 1 முதல் பெண் 6 வரை

ஆறு பேருக்கும் நான்தான் குரல்.
தாளில் அப்படித்தான் இருக்கிறது:
பெண் 1, அலறல்.
பெண் 2, இரண்டு வசனம், அலறல்.
பெண் 3 கதவைத் திறக்கிறாள், மூச்சு மட்டும்.
ஆறு பேருக்கு ஆறு சம்பளமா என்று கேட்டதற்கு
இசக்கிராஜன் சிரித்தார்.
பிரெஞ்சுப் படம், தமிழில் யார் பார்க்கப்போகிறார்கள்,
இன்றைக்கே முடிக்கணும் புஷ்கலா.

அந்தேரி. ஆராம் நகரில் ஒரு பங்களாவின் பின்கட்டு.
தகரக் கூரை.
மழை விட்டால்தான் ஒருத்தி சாக முடியும்.

கொலைகாரன் தையல் மிஷின் பழுது பார்ப்பவன்.
நிஜத்தில் இருந்தவனாம். கால்வாய் ஓரத்து ஊர்களில்
எண்ணெய்க் குப்பியும் திருப்புளியுமாய்
வீடு வீடாகப் போனவன்.
"உள்ளே வரலாமா அம்மா?"
கத்தியெல்லாம் பிறகுதான்.

அவனுக்குக் குரல் ஞானதிரவியம் அண்ணன்.
பகலில் எல்.ஐ.சி. ஏஜென்ட். சர்க்கரை வியாதி.
டேக்குக்கு ஒரு மேரி பிஸ்கட்.
அந்த வரியைப் பேசிவிட்டு வெளியே வந்து
அதே குரலில் கேட்டார்: "சாப்பிட்டியாம்மா?"
எனக்கு ஒரு நொடி பதில் வரவில்லை.
பாவம், அவருக்கு இருப்பது
அந்த ஒரு குரல்தானே.

நான்காவது பெண்ணிடம் சிக்கல்.
அவள் சொல்வது ஒரே அசை: நோன்.
எழுதித் தந்திருப்பது: வேண்டாம்.
வேண்டாம் நீளம்.
அவளுக்கு அவ்வளவு நேரம் இல்லை.
தவிர, அந்தச் சொல் முடிய உதடு மூட வேண்டும்.
அவள் மூடவில்லை.
திரை முழுக்க முகம், மூடவே இல்லை.
'விடு' போட்டுப் பார்த்தோம்,
அவன் இன்னும் பிடிக்கவேயில்லை.
'இல்ல' என்றால்
அரிசி இருக்கா என்று யாரோ கேட்டதுபோல.
'ஐயோ' தெருவைக் கூப்பிடுகிற சொல்,
இவளோ மெல்லச் சொல்கிறாள்
பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது.
மிக்ஸரில் இருந்த நிகேத் மராட்டியில் சொன்னான்:
'நகோ' வைத்தால் கச்சிதமாக உட்காரும்.
உட்காரும்தான்.

பதினோரு டேக்.
கடைசியில் 'வேண்டா' வரை சொல்லி
மிச்ச மெய்யெழுத்தை விழுங்கினேன்.
ஓகே என்றது ஹெட்ஃபோன்.

படம் முடிந்தபின் கறுப்புத் திரையில்
பெயர்கள். வயது. நிஜமான ஆறு பேர்.
இதற்கு யார் குரல் என்றேன்.
இதற்குக் குரல் கிடையாது, வெறும் எழுத்து,
பிரெஞ்சிலேயே ஓடும் என்றார்.
வவுச்சரில் கையெழுத்துப் போடுவதற்குள்
ஓடி முடிந்தது.

வடாலா லோக்கல். பெண்கள் பெட்டி.
வாசலருகே காவலுக்கு ஒரு போலீஸ்காரர்,
கைபேசியில் கிரிக்கெட்.
பார்த்து எழுதி வந்த சீட்டை
ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு
வாய்விட்டு வாசித்தேன்.
சொலாஞ்ஜ். மிரேய். ஒதில்.
நான்காவது பெயரின் முதல் எழுத்து
என் நாக்கில் எதற்கும் ஒட்டவில்லை.
பாண்டிச்சேரிக்காரர்கள் ழான், ழாக் என்று எழுதுவார்களே,
அந்த ழ-வைக் கொடுத்தேன்.
ழினெத். முப்பத்தொரு வயது.
பந்த்ராவுக்கும் மாஹிமுக்கும் நடுவே
கழிமுகத்து நாற்றம் உள்ளே வந்தபோது
குரல் கரகரத்தது.
கிங்ஸ் சர்க்கிளில் காற்றாகிவிட்டது.
ஆறாவது பெயரை உதடுகள் மட்டும் சொல்லின.

ஆண்டாப் ஹில். மூன்றாம் மாடி. மணி பன்னிரண்டே கால்.
உள் தாழ்ப்பாள் போட்டிருந்தது.
தட்டினேன்.
செருப்பில்லாத கால்கள் வந்து நின்றன.
"யாரு?"
வாயைத் திறந்தேன். மூச்சு மட்டும்.
"யாருன்னு கேக்குறேன்ல?"
மறுபடி தட்டினேன்.
கதவுக்கு அந்தப் பக்கம்
நாற்காலி ஒன்று தரையில் தேய்ந்து
வந்து முட்டுக்கொடுத்தது.
குரல் கேட்காமல் திறக்கக் கூடாது என்று
நான்தான் சொல்லிவைத்திருந்தேன்.

பைக்குள் கைபேசி.
எடுத்து அழைத்திருக்கலாம், எழுதியும் அனுப்பியிருக்கலாம்.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.
நல்ல பெண்.
திறக்கவில்லை.